போன் நம்மோடு தமிழில் பேசட்டும்



மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில்தான் எங்கள் தையல் வகுப்புக்கு ஆட்கள் நிறைவாக வருவார்கள். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பழைய பிள்ளை மடுவத்தின் பின் அறையில் வகுப்பு நடக்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் கூடியிருந்தோம். வெட்டிய துணிகளுக்கு நடுவே கிடந்த போன் ஒன்று ‘டிங்’ என்றது. போனுக்குச் சொந்தக்கார அக்கா அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இது என்னான்னு பாருங்க டீச்சர். மூணு நாளா இதையே கேட்டுக்கிட்டு இருக்கு. அமத்துனா உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமோன்னு பயமா இருக்கு.”

பார்த்தேன். ‘அப்டேட் செய்யவா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அப்டேட் என்றால் என்ன என்று அன்று எல்லோருக்கும் விளக்கினேன். போனுக்குள் எல்லா வேலைகளையும் நடத்தும் அடிப்படை ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதற்கு இயங்குதளம் என்று பெயர். அண்ட்ரொய்ட் என்பது அப்படி ஒன்று. அப்பிள் போன்களில் ஐ.ஓ.எஸ். என்று வேறொன்று. லயத்துக் கூரையில் ஓட்டை விழுந்தால் தகடு மாற்றுகிறோம் அல்லவா? அதுபோல இந்த இயங்குதளத்தில் உள்ள ஓட்டைகளை அடைத்து, சில புதிய வசதிகளையும் சேர்த்து அவ்வப்போது அனுப்புகிறார்கள். அதுதான் அப்டேட்.

விளக்கி முடித்த பிறகு விளையாட்டாக ஒரு கேள்வி கேட்டேன். “இந்தப் போனைச் செய்கிறவர்கள் உங்களிடமே வந்து, அடுத்த முறை என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

முதலில் சிரிப்புத்தான். பற்றரி ஒரு கிழமைக்கு நிற்க வேண்டும் என்றார் ஒருவர். ரீலோட் போடாமலே பேச வேண்டும் என்றார் இன்னொருவர். பிறகு, ஜன்னல் ஓரமாக இருந்த ஒரு பெரியம்மா தலை நிமிராமல் சொன்னார்:

“மண்ணு சரியப் போவுதுன்னா அது தமிழ்ல கத்தணும் தாயி.”

சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்ன விடயங்களைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த இரவு

அந்தப் பெரியம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா ஆகிய மலையக மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மழையை விட மண்சரிவுதான் எங்கள் பக்கத்தில் எமனாக வந்தது.

அன்று பின்னேரம் பெரியம்மாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். வந்ததோ வேறு மொழியில். ஒரு நாளைக்குப் பத்துச் செய்திகள் அப்படித்தான் வருகின்றன. லொத்தர் சீட்டு, கடன் தருகிறோம், டேட்டா வாங்குங்கள் என்று. இதுவும் அதில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து அழித்துவிட்டார். அது மண்சரிவு எச்சரிக்கை என்பது அடுத்த நாள்தான் தெரிய வந்தது.

அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? தப்பு! மேட்டு லயத்துப் பையன் ஒருவன், பீலியில் வரும் தண்ணீர் சேறாகக் கலங்கி வருவதைப் பார்த்துவிட்டு, கோயிலில் தொங்கிய தப்பை எடுத்து அடித்தான். அந்தக் காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்குக் கூப்பிட அடித்த அதே தப்பு. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் பாடசாலைக்கு ஓடினோம். விடியும் முன்னே மேட்டு மண் இறங்கி இரண்டு காம்பராக்களின் பின் சுவரைத் தள்ளிவிட்டது. எங்கள் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. எல்லா லயங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

தப்பு அடித்தால் படித்தவர், படிக்காதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் விளங்குகிறது. ஆயிரக்கணக்கான ரூபா கொடுத்து வாங்கிய போனுக்கு அது ஏன் முடியவில்லை?

முதல் விருப்பம்: எச்சரிக்கை வாய்விட்டுப் பேச வேண்டும்

ஊவாவில் இருக்கிற எங்களுக்கு இது புதிய பயம் அல்ல. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாராலும் மறக்க முடியாது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கை என்பது காகிதத்தில் இருந்தால் போதாது. அது உரிய ஆளின் காதில், உரிய மொழியில், உரிய நேரத்தில் விழ வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள்: கவனமாக இருங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாக இருங்கள். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால் சிவப்பு: உடனே வெளியேறுங்கள். இந்த மூன்று நிறங்களையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இந்த எச்சரிக்கையைப் போனுக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று குறுஞ்செய்தி. இது ஒவ்வொரு இலக்கமாகப் போக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது தாமதமாகும். மற்றது ‘செல் புரோட்காஸ்ட்’. கோபுரத்திலிருந்து வானொலி மாதிரி ஒரே தடவையில் பரப்பிவிடுவார்கள். அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும். யாருடைய இலக்கமும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. சாதாரணச் செய்தி போல இல்லாமல் தனிச் சத்தத்தோடு திரை முழுவதும் வரும். லொத்தர் விளம்பரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை!

இது நமது நாட்டுக்குத் தெரியாத விடயமும் அல்ல. 2009ஆம் ஆண்டிலேயே டயலொக் நிறுவனமும் மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து போன் வழி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், 2023 அக்டோபரில் இந்திய அரசு செல் புரோட்காஸ்ட் முறையைப் பரீட்சித்தபோது, போன்களில் தமிழிலும் எச்சரிக்கை வந்தது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதில் இரண்டு பேருக்குப் பொறுப்பு இருக்கிறது. எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புவது அரசாங்கத்தின் பொறுப்பு. 1987இல் கொண்டு வரப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆகவே இது சலுகை அல்ல, உரிமை. வந்த எச்சரிக்கையை வாசிக்கத் தெரியாதவருக்கும் கண் தெரியாதவருக்கும் உரக்கச் சொல்வது போனின் பொறுப்பு. எச்சரிக்கையை வாசித்துக் காட்டும் வசதி பல அண்ட்ரொய்ட் போன்களின் அமைப்புகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. போன் வாங்கிய அன்றே அது இயங்கும் நிலையில், தமிழ்க் குரலில் இருக்க வேண்டும். இதுதான் எங்கள் பெரியம்மாவின் விருப்பம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டார்கள். எஃப்.எம். வானொலி! கோபுரம் செயலிழந்து இணையம் நின்றபோதும், பழைய பொத்தான் போன் வைத்திருந்தவர்கள் காதொலிக் கம்பியைச் செருகிச் செய்தி கேட்டார்கள். அந்தக் கம்பிதான் அன்டனா. புதிய போன்கள் பலவற்றில் இந்த வசதியைக் காணோம். எஃப்.எம். வானொலியை முடக்க வேண்டாம் என்று 2023இல் இந்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. இங்கும் யாராவது அப்படிச் சொன்னால் நல்லது.

இரண்டாவது விருப்பம்: நமக்கு விளங்குகிற தமிழ்

போனில் தமிழ் சும்மா வந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் போனில் தமிழ் எழுத்தைக் கண்டால் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானபோதுதான் கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்பும் வழி மக்களுக்குத் திறந்தது. 2014 நவம்பரில் வந்த அண்ட்ரொய்ட் 5 பதிப்பில் தமிழும் சிங்களமும் ஒன்றாகவே பட்டியல் மொழிகளாகச் சேர்ந்தன. மீரியபெத்தையில் மண் தோண்டிக்கொண்டிருந்த அதே மாதம் அது. அப்பிள் போனின் பட்டியல் தமிழில் வர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2017இல் கூகுள் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைக் கொண்டு வந்தது. அந்தப் பட்டியலில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனியாகவே இருக்கிறது. எழுதப் பழகாத தாய்மாருக்கு இது பெரிய வரம். கட்டாரில் இருக்கும் மகளுக்குத் தானே செய்தி அனுப்பிய அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் குறைகள் இருக்கின்றன. எங்கள் பேச்சில் உள்ள கொழுந்து, பிரட்டு, பீலி, லயம், காம்பரா போன்ற சொற்கள் எந்தப் போனுக்கும் சரியாக விளங்குவதில்லை. வன்னிப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் அப்படித்தான் என்று அங்குள்ள தோழிகள் சொல்கிறார்கள். போன் தமிழ் கற்றுக்கொள்வதானால் எங்கள் வாயிலிருந்தும் கற்றுக்கொள்ளட்டும்.

அதைவிடப் பெரிய குறை பட்டியலில் உள்ள சொற்கள். சகோதரிகளே, ‘மீட்டமை’ என்ற சொல்லைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? தொலைந்ததை மீட்டுத் தரும் என்றுதானே? இல்லை! பல போன்களில் அதற்கு அர்த்தம், உள்ளே இருக்கும் அத்தனையையும் துடைத்துவிட்டுக் கடையில் வாங்கிய நாளில் இருந்தது போல ஆக்குவது. இந்த ஒரு சொல்லால் எங்கள் வகுப்பில் ஒருவர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதுதான் மூன்றாவது விருப்பத்துக்குக் காரணம்.

மூன்றாவது விருப்பம்: படங்களைத் தொலைக்காதே

அவர் பிறந்தது பசறைப் பக்கத்துத் தோட்டத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனார்கள். அங்கிருந்து கிளிநொச்சி. காடு வெட்டி, குடிசை போட்டு, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று வாழ்ந்தார். 2009இல் எல்லாம் போயிற்று. முகாமில் இருந்துவிட்டு, தனி ஆளாகச் சித்தியின் லயத்துக்கே திரும்பி வந்தார். காணாமல் போன மகனின் படம் ஒன்றுதான் கையில் மிச்சம். பாடசாலைச் சீருடையில் எடுத்த சிறிய படம். அது பழுதாகி மங்கத் தொடங்கியபோது, யாரோ ஒரு பிள்ளை அதைப் போனில் படம் பிடித்துக் கொடுத்தது. பிறகு மூலப் படமும் ஒரு மழையில் நனைந்து போய்விட்டது. போனில் இருந்ததுதான் மகன்.

ஒரு நாள் அந்தப் படத்தைக் காணவில்லை. கை பட்டு அழிந்ததா, வேறெங்கும் போய்விட்டதா தெரியாது. பதறிப்போய்ப் பட்டியல் முழுவதும் தேடியிருக்கிறார். ‘மீட்டமை’ என்று ஒன்று கண்ணில் பட்டது. மீட்டுத் தரப் போகிறது என்று நம்பி அமத்தினார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டிருக்கும். அந்தப் பதற்றத்தில் எதற்கெடுத்தாலும் ‘ஆம்’ என்று அமத்திக்கொண்டே போயிருக்கிறார். போன் வெறும் பலகையாகத் திரும்பி வந்தது.

அவர் என்னிடம் வந்தபோது அழவில்லை. “ரெண்டாவது தடவையும் நானே தொலைச்சிட்டேன் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

நான்கு நாள் கழித்து ஒரு வழி பிறந்தது. கிளிநொச்சியில் இருக்கும் அவருடைய நாத்தனாருக்கு எப்போதோ வட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். நாத்தனார் அதை அழிக்காமல் வைத்திருந்தார். வட்ஸ்அப்பில் போகும்போது படம் சுருங்கிவிடும் என்பதால் பழைய தெளிவு இல்லை. ஆனாலும் முகம் தெரிகிறது. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்தோம். ஒன்று அவருடைய சாமி மாடத்தில் இருக்கிறது.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருடைய போன்களில் இப்படி ஒரேயொரு படம் இருக்கும்! காணாமல் போனோருக்காக நாம் நீட்டும் ஒவ்வொரு மனுவோடும் அந்தப் படம்தானே போகிறது? ஆகவே போன் செய்கிறவர்களிடம் நாம் கேட்பது இது: அழிக்கும் பொத்தானுக்கு ‘அழி’ என்றே பெயர் வையுங்கள். அதை அமத்தும் முன் “உங்கள் படங்கள் எல்லாம் போய்விடும்” என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மிக முக்கியமான பத்துப் படங்களை மட்டும் எது நடந்தாலும் அழியாத ஓரிடத்தில் பூட்டி வைக்க ஒரு வழி தாருங்கள்.

நான்காவது விருப்பம்: கணக்கு நம் பெயரில்

போனில் உள்ள படங்களை இணையத்தில் சேமித்து வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைக்கலாம். அதற்குக் கூகுள் கணக்கு வேண்டும். எங்கள் வகுப்பில் பதினைந்து பேரில் பதினொரு பேருக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் கடைப் பையன்! கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். சிலருக்கு அவன் அதே கணக்கையே இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் ஒருத்தியின் படங்கள் இன்னொருத்தியின் போனில் தெரியும். பெண்களாகிய நமக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்கத் தேவையில்லை.

இன்னும் சில விடயங்களை நாம் அறிந்திருக்க வேண்டும். கூகுளில் எவ்வளவு படமும் இலவசமாக வைக்கலாம் என்ற காலம் 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்தது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம் மட்டும். இரண்டு வருடம் திறக்கப்படாத தனியார் கணக்குகளை அழிக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இறந்தவரின், காணாமல் போனவரின் கணக்கில் படங்கள் இருந்தால், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் அவ்வப்போது அதைத் திறந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படங்களும் போய்விடும்.

இயங்குதளம் செய்கிறவர்களுக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். ஒரு வீட்டில் ஒரு போன்தான் இருக்கும். அதை அம்மா, மகன், மருமகள் என்று மூன்று பேர் பாவிப்பார்கள். மின்னஞ்சல் என்றால் என்னவென்று தெரியாத ஒருத்தி, தன் குரலாலோ கைரேகையாலோ, தானே தன் கணக்கைத் திறந்து தானே பூட்டும் வழி வேண்டும். மற்றவர் தயவில் திறக்கும் பெட்டிக்குள் நமது நகையை வைப்போமா?

ஐந்தாவது விருப்பம்: பழைய போனையும் கைவிடாதே

விலை கூடிய போன்களுக்கு ஏழு வருடம் வரை அப்டேட் தருவதாகக் கூகுள் 2023இலும் சம்சுங் 2024இலும் அறிவித்தன. ஆனால் எங்கள் கைக்கு வருவது குறைந்த விலைப் போன். அதுவும் பெரும்பாலும் இரண்டாம் கை. கடையில் வாங்கும்போதே அதன் அப்டேட் காலம் முடிந்திருக்கும். அப்டேட் இல்லாத போனில் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும். 2025 ஜனவரியில், அண்ட்ரொய்ட் 4 வரையான பழைய பதிப்புகளில் வட்ஸ்அப் நின்றுபோனது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் முகத்தைப் பார்க்க அது ஒன்றுதான் வழி என்றிருந்த தாய்க்கு, போன் நன்றாக வேலை செய்யும்போதே உறவு அறுந்தது போலாகிவிட்டது.

நாட்சம்பளத்தில் வாழ்கிறவள் இரண்டு வருடத்துக்கு ஒரு போன் வாங்க முடியுமா? புதிய நிறம், புதிய படம், புதிய அலங்காரம் எதுவும் வேண்டாம். பழைய போனுக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டுமாவது வர வேண்டும். அதை இறக்க டேட்டா அதிகம் செலவாகக் கூடாது. இதுதான் எங்கள் ஐந்தாவது விருப்பம்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியவை

விருப்பங்கள் நிறைவேறும் வரை கைகட்டி இருக்க முடியாது. இந்த மாதம் இந்தச் சில காரியங்களைச் செய்யுங்கள்.

அப்டேட் கேட்டால் பயப்படாதீர்கள். சாதாரண அப்டேட் படங்களை அழிப்பதில்லை. ஆனாலும் முதலில் முக்கியமான படங்களை வேறொரு போனுக்கோ மெமரி கார்ட்டுக்கோ பிரதி எடுத்துவிட்டு, பற்றரியை நிரப்பிக்கொண்டு செய்யுங்கள்.

ஒரேயொரு படம் என்று எது இருந்தாலும் இன்றே அதை இரண்டு உறவினருக்கு அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டொகியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் தெளிவு குறையாது. ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

‘மீட்டமை’, ‘ரீசெட்’ என்ற சொற்களை யாரிடமும் கேட்காமல் அமத்தாதீர்கள்.

கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒரு படித்த பிள்ளையின் உதவியோடு அதை மாற்றி, உங்கள் சொந்த இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

அமைப்புகளுக்குள் ‘அவசர எச்சரிக்கை’ என்ற பகுதி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இயங்கச் செய்யுங்கள்.

இந்த இலக்கங்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: அனர்த்தம் 117, அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938.

எல்லாவற்றுக்கும் மேலாக, போனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சரிந்து நிற்பது, பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்தச் செய்திக்கும் காத்திராமல் வெளியேறுங்கள். எங்கள் தோட்டத்தில் அந்தத் தப்பை இப்போது எல்லோருக்கும் எட்டும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.

வகுப்பு முடிந்து போகும்போது பெரியம்மா என்னிடம் கேட்டார்: “நாம சொன்னதெல்லாம் அந்தக் கம்பனிக்காரவுகளுக்குக் கேக்குமா தாயி?”

ஒருவர் சொன்னால் கேட்காதுதான். 2014 வரை அண்ட்ரொய்ட் பட்டியலில் தமிழ் இல்லை. பலரும் பல காலம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் போனுக்குள் தமிழ் வந்தது. இன்னும் கேட்போம். உங்கள் போன் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை ஒரு தாளில் எழுதி எமது முகவரிக்கு அனுப்புங்கள். எழுத வராதவர்கள் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து உரிய இடங்களுக்கு அனுப்புவோம். அந்தத் தாளின் முதல் வரியில் எங்கள் பெரியம்மாவின் வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். கவனமாக இருங்கள்.